நாடும் மொழியும் நெறியும்: காயிதே மில்லத் வாழ்ந்து காட்டிய விடை

ஒருவர் நல்ல முஸ்லிமாகவும் முழுமையான இந்தியராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? தமிழர் என்னும் பண்பாட்டு அடையாளத்துக்கும் இஸ்லாமிய நெறிக்கும் இடையே முரண் இல்லையா? இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஆனால், இவை கேட்கப்படும் தொனி அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. முன்பு அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்கப்பட்டவை, இன்று சான்று காட்டச் சொல்லும் அதிகாரக் குரலில் கேட்கப்படுகின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. முஸ்லிம்களின் புனிதத் தலங்கள் இந்த மண்ணில் இல்லை, ஆகவே அவர்களது பற்றும் இந்த மண்ணில் முழுமையாக வேரூன்றாது என்கிறார்கள் ஒரு சாரார். இறைவனுக்கு மட்டுமே உரிய இடத்தில் நாட்டை வைத்து வணங்குவதுதான் தேசியம், ஆகவே அது விலக்கப்பட வேண்டியது என்கிறார்கள் இன்னொரு சாரார். ஒருவரையொருவர் கடுமையாக வெறுக்கும் இவ்விரு தரப்பாரும் சென்று சேரும் விடை ஒன்றே: இயலாது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். ஒரு மனிதரை அறிய வேண்டுமானால் அவர் சொல்வதைவிட, நெருக்கடியில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். ஆகவே, இக்கேள்விக்குக் கோட்பாட்டில் விடை தேடுவதைவிட, ஒரு வாழ்க்கையில் தேடுவது பயன் தரும் என்று கருதுகிறேன். அந்த வாழ்க்கை, தமிழகம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் என்று போற்றும் முகம்மது இஸ்மாயில் சாகிபினுடையது.

அதற்கு முன்பாக, நான் வாழும் திருப்பருத்திக்குன்றத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த இவ்வூருக்கு ஜினகாஞ்சி என்றும் பெயர். பல்லவர் காலம் தொட்டுச் சமணம் தழைத்த ஊர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவர் இருகப்பர். விஜயநகரப் பேரரசின் தண்டநாயகர், சமணர். 1382-இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அவர் இக்கோயிலுக்குக் கொடையாக அளித்தார். அக்கொடையின் கல்வெட்டு கூறும் நோக்கம் கவனிக்கத்தக்கது. ஹரிஹரரின் மகனான புக்கராயரின் நலன் கருதி அளிக்கப்பட்ட அறம் அது. மன்னர் சமணர் அல்லர், தண்டநாயகர் சமணர். ஆயினும், தம் அரசரின் நலனை வேண்ட அவர் தம் சமயத்தை விட்டு வெளியே போகவில்லை. தம் தெய்வத்தின் சந்நிதியிலேயே, தம் சமயம் வகுத்த அறத்தின் வழியாகவே வேண்டினார்.

அக்கோயிலைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: நாட்டுப்பற்று என்பது சமயப் பற்றைக் கழற்றி வைத்துவிட்டு அணிய வேண்டிய வேறோர் உடை அன்று. காயிதே மில்லத்தின் வாழ்க்கை இதற்கு நம் காலத்துச் சான்று.

திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று ஒரு ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர் இஸ்மாயில். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். சமயக் கல்வியைத் தாயாரிடம் பெற்றார். நெல்லையிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்று, பட்டத் தேர்வை எட்டிய நேரத்தில் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. 1920-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தேர்வைத் துறந்தார். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமையும் ஒன்றாய் இணைந்திருந்த காலம் அது. அந்த இளைஞரின் உள்ளத்தில் சமய உணர்வும் நாட்டு விடுதலை உணர்வும் ஒரே ஊற்றிலிருந்து பெருகின.

பின்னர் அவர் சென்னைக்கு வந்து தோல் வணிகத்தில் ஈடுபட்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்பட்ட தோல், சென்னைப் பெரியமேட்டின் கிடங்குகள் வழியாகக் கடல் கடந்து சென்ற காலம் அது. அத்தொழிலில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. கணக்கும் நாணயமும் வாக்குத் தவறாமையும் வணிகத்தின் முதல் என்பதை அங்கே அவர் கற்றிருக்க வேண்டும். பிற்கால அரசியலில் எதிரிகளும் அவர் சொல்லை நம்பியதற்கு அதுவே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

இனிச் சொல்லப்போவது அவருடைய வாழ்வின் கடினமான பகுதி. அதைத் தாண்டிச் சென்றால் இக்கட்டுரைக்கு நேர்மை இராது. 1941-இல் அகில இந்திய முஸ்லிம் லீகின் மாநாடு ஜின்னாவின் தலைமையில் சென்னையில் கூடியது. பாகிஸ்தான் கோரிக்கை நாடெங்கும் வலுத்தது. 1940-களில் சென்னை மாகாண லீகை வழிநடத்தியவர் இஸ்மாயில். 1946 தேர்தலில் 215 உறுப்பினர் கொண்ட மாகாணச் சட்டப் பேரவையில் லீக் 28 இடங்களைப் பெற்றது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். பிரிவினை கேட்ட கட்சியின் மாகாணத் தலைவர் அவர் என்பது மறைக்க இயலாத உண்மை.

அதே நேரத்தில், அந்தப் பிரிவினையால் சென்னை மாகாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைக்கக்கூடியது எதுவுமே இல்லை என்பதும் உண்மை. எல்லைக்கோடு அவர்களது ஊர்களுக்கு அருகில்கூட வரவில்லை. 1947-க்குப் பின்னர் அவர்கள் முன் இருந்த வழிகள் மூன்று: புறப்பட்டுச் செல்வது, இங்கேயே இருந்து அடையாளத்தை மறைத்துக்கொள்வது, இங்கேயே இருந்து அடையாளத்தோடு வாழ்வது. வசதி படைத்த பல தலைவர்கள் முதல் வழியைத் தேர்ந்தனர். கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்று இரண்டாம் வழியைப் பரிந்துரைத்தோர் பலர். இஸ்மாயில் மூன்றாம் வழியைத் தேர்ந்தார். மூன்றிலும் அதுவே விலை மிகுந்தது.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீகின் பொதுக்குழு, கட்சியை இரு நாடுகளுக்கும் தனித்தனியே பிரித்தது. இந்தியப் பகுதியின் அமைப்பாளர் பொறுப்பு இஸ்மாயிலிடம் வந்தது. காந்தியடிகள் கொலையுண்டு ஆறு வாரமே ஆகியிருந்த 1948 மார்ச் 10 அன்று, பின்னாளில் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்ற சென்னை அரங்கில் அவர் தலைமையில் கூட்டம் நடந்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இந்தியாவின் அரசமைப்புக்கு உட்பட்டு இயங்குவதாக அறிவித்துக்கொண்ட அந்தக் கட்சியின் மீது ஐயப் பார்வைகள் குவிந்தன. அந்தப் பார்வைகளுக்கு நடுவேதான் அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் பொதுவாழ்வு நடத்தினார்.

அதே மார்ச் மாதம் மற்றொரு நகரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக் கூட்டம் முடிந்து பதினோரு நாள்களில், டாக்காவில் ஜின்னா பேசினார். பாகிஸ்தானின் அரசு மொழி உருது மட்டுமே என்று அறிவித்தார். வங்க மொழி பேசிய மக்கள் அந்நாட்டில் பெரும்பான்மையினர், அவர்களும் முஸ்லிம்கள். சமயம் ஒன்றானால் மொழியும் ஒன்றாக வேண்டும் என்று காயிதே ஆஜம் கருதினார். காயிதே மில்லத் அவ்வாறு கருதவில்லை. பட்டங்கள் இரண்டும் ஒலியில் நெருங்கியவை. கண்ணோட்டங்களோ வெகு தொலைவில் நின்றன.

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழி குறித்து விவாதித்தபோது அது வெளிப்பட்டது. இஸ்மாயில் எழுந்து, தொன்மைதான் அளவுகோல் என்றால் இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் மூத்தவை தமிழும் அதன் உறவு மொழிகளுமே என்று வாதிட்டார். உருதுவே முஸ்லிம்களின் மொழி என்று வடக்கே பலர் நம்பியிருந்த காலத்தில், ஒரு முஸ்லிம் லீக் தலைவர் தமிழைத் தம் தாய்மொழி என்று பெருமையுடன் சொல்லி, அதன் உரிமைக்காகத் தில்லியில் வாதாடினார். தமிழுக்காகப் பேசுவதற்கு அவர் தம் தொப்பியைக் கழற்றவுமில்லை, தொழுகையை விட்டுவிடவுமில்லை.

இது அவருக்குத் திடீரென்று வந்த பற்று அன்று. 1930-களின் இந்தி எதிர்ப்புக் காலத்திலேயே, லீகைச் சேர்ந்த கலிபுல்லா சாகிப் சென்னைச் சட்டப் பேரவையில் தம்மைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர் என்று அறிவித்துக் கொண்டிருந்தார். அதற்கும் பன்னெடுங்காலம் முன்பே உமறுப் புலவர் நபிகளாரின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழ்க் காப்பிய மரபில் பாடியிருந்தார்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், தமிழ் முஸ்லிமின் வழிபாட்டுச் சொற்களே இதற்குச் சான்று. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் ஆகியவை அரபுச் சொற்கள் அல்ல, பழந்தமிழ்ச் சொற்கள். இவற்றுள் பள்ளி என்பது எங்கள் ஊருக்கு நெருக்கமானது. சமண முனிவர் உறையும் இடமும் அவர்தம் கோயிலும் பள்ளி எனப்பட்டன. அவற்றுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம். சமணப் பள்ளியின் பெயரே பின்னர் பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சென்று சேர்ந்தது. அரபு நாட்டிலிருந்து நெறியைப் பெற்றவர்கள், அதை அழைக்கும் பெயரைப் பக்கத்து ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதைவிடப் பண்பாட்டு இசைவுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயில் முன்வைத்த மேலும் இரு கோரிக்கைகள் இன்றளவும் விவாதத்துக்கு உரியவை. 1948 நவம்பர் 23 அன்று, பொது சிவில் சட்டம் பற்றிய நெறிமுறை விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகத்தாரையும் தம் தனிநபர் சட்டத்தைக் கைவிடும்படி வற்புறுத்தலாகாது என்று அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அம்பேத்கர் ஆகியோர் மறுமொழி கூறினர்; திருத்தம் ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில், முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை தொடர வேண்டும் என்று கோரினார். படேல் அதைக் கடுமையாக எதிர்த்தார். பேகம் அய்சாஸ் ரசூல் முதலிய முஸ்லிம் உறுப்பினர்களே அதை ஏற்கவில்லை. அதுவும் தோற்றது.

முதல் கோரிக்கையை நான் புரிந்துகொள்கிறேன். அதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1368-இல் விஜயநகரத்தின் முதலாம் புக்கர், சமணர்க்கும் வைணவர்க்கும் எழுந்த வழக்கைத் தீர்த்துவைத்தார். அவ்வுடன்பாட்டை சிரவணபெளகுளக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. திருவரங்கம், திருமலை, காஞ்சி முதலிய தலங்களின் வைணவ ஆசாரியர்கள் முன்னிலையில், சமணரின் கையை வைணவரின் கையில் வைத்து, இரு நெறிக்கும் வேற்றுமை இல்லை என்று மன்னர் அறிவித்தார். சமணரின் வழிபாட்டு உரிமைகள் முன்போலவே தொடரும் என்றும், அவற்றைக் காப்பது வைணவரின் கடமை என்றும் தீர்ப்பளித்தார். சிறுபான்மையின் மரபைக் காக்கும் பொறுப்பைப் பெரும்பான்மையிடமே ஒப்படைத்த ஏற்பாடு அது. அந்த மரபு காக்கப்பட்டதால் அரசு வலுவிழக்கவில்லை. அடுத்த தலைமுறையில் இருகப்பரைப் போன்ற தண்டநாயகர் அதற்குக் கிடைத்தார். தனிநபர் சட்டத்தில் சீர்திருத்தம் வேண்டும், குறிப்பாகப் பெண்களின் உரிமை பெருக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்தச் சீர்திருத்தத்தைக் கேட்பதற்கும் ஒருவரது நாட்டுப்பற்றை ஐயுறுவதற்கும் தொடர்பில்லை.

இரண்டாம் கோரிக்கையில் நான் அவரிடமிருந்து வேறுபடுகிறேன். தனி வாக்காளர் தொகுதியில் வேட்பாளர் தம் சமூகத்தாரின் வாக்கை மட்டுமே நாடுவார். அடுத்த வீட்டுக்காரரின் நல்லெண்ணத்துக்கு அங்கே தேர்தல் மதிப்பு இல்லை. அடுத்த வீட்டுக்காரருக்கும் அவருடைய குறைகளைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. 1909 முதல் இருந்த இம்முறை இரு தரப்பையும் ஒருவரிடமிருந்து ஒருவர் விலக்கியே வைத்தது. பொதுத் தொகுதி முறையால் சிறுபான்மையினர் இழந்ததும் உண்டு. மக்களவையில் முஸ்லிம் உறுப்பினர்களின் விகிதம் அவர்களது மக்கள்தொகை விகிதத்தை ஒருபோதும் எட்டியதில்லை. ஆயினும், பிரிந்து நின்று பெறும் இடங்களைவிடச் சேர்ந்து நின்று பெறும் செல்வாக்கு நீடித்தது என்பதே என் துணிபு.

இதற்கு வலுவான சான்று காயிதே மில்லத்தின் பிற்கால வாழ்க்கையே. தாம் கேட்ட முறை மறுக்கப்பட்டபோது அவர் ஒதுங்கிப் போகவில்லை; அளிக்கப்பட்ட முறைக்குள் இறங்கி உழைத்தார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். முஸ்லிம்கள் மிகுந்த பகுதிதான். ஆனாலும் வாக்களித்தவர்கள் மலையாளிகள், வென்றவர் நெல்லைத் தமிழர்.

1967-இல் தமிழகத்தில் அண்ணாவும் ராஜாஜியும் அமைத்த கூட்டணியில் அவரது கட்சி இடம்பெற்றது; தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டில் கேரளத்தில் நம்பூதிரிபாடு அமைத்த அமைச்சரவையில் லீக் பங்கேற்றது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர்களோடும் பொதுவுடைமைக் கட்சியினரோடும் தொழுகை தவறாத ஒருவர் கைகோத்து அரசியல் நடத்தினார். தனித்து நிற்பதற்கு உரிமை கேட்டவர், சேர்ந்து நிற்பதில் தேர்ந்தவரானார். அவர் கேட்டதைவிட அவர் செய்தது பெரியது.

1962-இல் சீனா படையெடுத்தபோது, தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாக அவர் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார். மேடையில் நாட்டுப்பற்றை முழங்குவதற்குச் செலவு ஏதுமில்லை; மகனை முன்வைப்பது அப்படிப்பட்டது அன்று. 1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோதும் அவர் தயங்காமல் இந்தியாவின் பக்கம் நின்றார். அண்டை நாட்டின் அரசு முஸ்லிம்களுடையது என்பது அவரது கணக்கில் இடம்பெறவில்லை.

இப்படி வாழ்வதற்கு இஸ்லாமிய நெறியில் இடம் உண்டா என்பது அறிஞர்களிடையே நடந்த பெரிய விவாதம். 1938-இல் தேவ்பந்தின் உசேன் அகமது மதனி, நாடு என்பது வாழும் மண்ணால் அமைவது, சமயத்தால் அன்று என்று வாதிட்டார். மதீனாவில் நபிகளார் யூதர்களோடும் பிற குலத்தாரோடும் செய்துகொண்ட உடன்படிக்கையை அவர் சான்றாகக் காட்டினார். கவிஞர் இக்பால் அதைக் கண்டித்தார். மௌதூதியும் தேசியத்தை மறுத்து எழுதினார். அபுல் கலாம் ஆசாத்தோ, முஸ்லிமாக இருப்பதும் இந்தியராக இருப்பதும் தமக்கு ஒருசேரப் பெருமை என்ற நிலையில் உறுதியாக நின்றார். சமய நூல்களை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், ஒரே நூலை ஓதியவர்கள் இரு வேறு முடிவுகளுக்கு வந்தார்கள் என்றால், இஸ்லாம் தேசியத்தை அடியோடு தடுக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் முடிவுகட்டுவது முறையாகாது.

அந்த விவாதத்தில் வரலாறும் தன் பங்குக்குப் பேசியது. டாக்காவில் 1948-இல் விதைக்கப்பட்ட மொழிப் பிணக்கு, 1952 பிப்ரவரி 21 அன்று மாணவர்களின் குருதியைக் கேட்டது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் இரண்டானது; வங்கதேசம் பிறந்தது. சமயம் ஒன்றே ஒரு நாட்டைக் கட்டிக்காக்கும் என்ற கொள்கை, அது பிறந்து ஒரு தலைமுறைக்குள் முஸ்லிம்களாலேயே மறுக்கப்பட்டது. தமிழும் இஸ்லாமும் இந்தியாவும் ஒருவரிடம் ஒன்றாக இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டியவர், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறைந்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல சமயத்து ஏழை மாணவியர் அங்கே படித்துப் பட்டம் பெறுகின்றனர்.

பெரும்பான்மையினர்க்கு அவர் வாழ்வு சொல்லும் செய்தி ஒன்று. வேற்றுமையை விடாமல் இருப்பவர் விசுவாசமற்றவர் அல்லர். தம்மைப்போல ஆகிவிட்டவரை மட்டுமே சொந்தமென்று ஏற்பதற்குப் பெருந்தன்மை தேவையில்லை. தம்மைப்போல அல்லாதவரையும் சொந்தமென்று ஏற்பதே நாட்டை நாடாக்குகிறது. இஸ்லாமிய இளைஞர்களுக்கும் அது ஒன்றைச் சொல்கிறது. நெறியைக் காப்பதற்காகத் தாய்மொழியையும் ஊரையும் அண்டை வீட்டாரையும் துறக்க வேண்டும் என்று கற்பிப்பவர்கள், இந்த மண்ணின் இஸ்லாமிய வரலாற்றை அறியாதவர்கள்.

கேள்விக்கு வருவோம். முடியுமா என்று இன்று கேட்பவர்களுக்கு விடை 1972-லேயே கிடைத்துவிட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் ஒரு மனிதர் அதைச் செய்து காட்டினார். இனி நாம் கேட்க வேண்டியது வேறு: அப்படி ஒருவர் வாழ்வதற்கு அன்று தமிழகம் கொடுத்த இடத்தை, இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் வயதினர்க்கும் நாம் கொடுக்கிறோமா?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).